வெள்ளவத்தைதான் என்று முடிவு கட்டியவர்களுக்கு

கொழும்பில் இன்னொரு வீடு வாங்கிவைக்க வேண்டும் என்ற பேச்சு வந்தால், எந்த இடத்தில் என்று எங்கள் ஆட்கள் யாரும் கேட்பதில்லை. லண்டனில் இருந்து பேசினாலும், ரொறன்ரோவில் இருந்து பேசினாலும், நல்லூரில் விறாந்தையில் இருந்து பேசினாலும் பதில் ஒன்றுதான்: “வெள்ளவத்தையிலை ஒரு பிளட் பார்த்து எடுங்கோ.” அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் எத்தனை அறை, எந்த மாடி, கடல் தெரியுமா, லிப்ட் இருக்கா என்ற விசாரிப்புத்தான். கொட்டாஞ்சேனை என்று யாராவது தவறி வாய் திறந்தால், “அங்கையோ?” என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும்.

கொழும்பு 6 இருக்கத் தகுந்த இடம், கொழும்பு 13 ஆகாத இடம் என்ற இந்தத் தீர்ப்பு நாற்பது வருடங்களாகச் சோதிக்கப்படாமல் கைமாறி வருகிறது. அதைச் சொல்பவர்களில் பெரும்பாலானோர் கொட்டாஞ்சேனைக்குள் ஒரு பொழுதும் நடந்திருக்க மாட்டார்கள். இந்தத் தீர்ப்பு தவறு என்கிறேன். அதன் ஒவ்வொரு காரணத்தையும் எடுத்துப் பார்த்தால், ஒன்று காலாவதியானது, ஒன்று எப்போதுமே உண்மையாக இருந்ததில்லை, இன்னொன்று வெளியே சொல்லக் கூசும் மேட்டிமை.

முதலில் இந்த வழக்கம் எப்படி வந்தது என்பதைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்துக்கு ரயில் வந்தது 1905இல். அதற்குப் பிறகு அரசாங்க உத்தியோகத்துக்குக் கொழும்பு வந்த எழுதுவினைஞர்களும் கணக்காளர்களும் ஆசிரியர்களும் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் குடியேறினார்கள். ஊரில் நாற்சார் வீடு, இங்கே காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு ஒழுங்கையில் வாடகை வீடோ அனெக்ஸோ. இரண்டு வீட்டு வாழ்க்கை நமக்குப் புதிதல்ல. தைப்பொங்கலுக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் ஊருக்குப் போய்வரும் அந்த வாழ்க்கையில் கொழும்பு வீடுதான் இரண்டாவது. 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் இன்று இருப்பது வெள்ளவத்தையில். இராமகிருஷ்ண மிஷன், சைவ மங்கையர் வித்தியாலயம், மயூரபதி அம்மன் கோவில் எல்லாம் அதே வட்டாரம். அந்த மனிதர்கள் அங்கே வாழ்ந்தார்கள். பிள்ளைகளை அங்கே படிக்கவைத்தார்கள், அயலில் சாவு என்றால் போய் நின்றார்கள். அவர்கள் வெள்ளவத்தையைத் தேர்ந்ததில் குறைசொல்ல எதுவுமில்லை.

போர்க்காலத்தில் அந்தக் காரணம் மாறியது. 1990இல் ரயில் நின்றது. இடம்பெயர்ந்து வந்தவர்கள், வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தவர்கள், மகன் ஜேர்மனியில் இருந்து அனுப்பும் காசில் லொட்ஜ் அறையில் நாட்களை எண்ணிய தாய்மார், எல்லோரும் கொழும்பில் குவிந்தார்கள். யாரும் விரும்பி வரவில்லை. பொலிஸ் பதிவு, இரவுச் சுற்றிவளைப்பு, சோதனைச் சாவடியில் அடையாள அட்டை என்று இருந்த நகரத்தில், நாலு வீடு தள்ளி நம் ஊராள் ஒருவர் இருந்தால் நிம்மதி என்று நினைத்தது இயல்பு. அந்த நிம்மதிக்குக் கொடுத்த விலையில்தான் வெள்ளவத்தையின் பழைய ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து தொடர்மாடிகள் எழுந்தன.

அந்த நிம்மதியாவது உண்மையா? வெள்ளவத்தை நம்மைக் காத்ததா?

1983 ஜூலையில் காத்ததா? வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தவர்களுக்கு, தமிழர் நெருங்கி வாழ்ந்த ஒழுங்கைகள் வேலையைச் சுலபமாக்கின. வெள்ளவத்தை எரிந்தது. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலும் இரத்மலானை விமான நிலையக் கொட்டகையிலும் அகதிகளாக இருந்து, சரக்குக் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனவர்களில் வெள்ளவத்தையில் சொந்த வீடு வைத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். 2000 ஜனவரி 5ஆம் திகதி சட்டத்தரணி குமார் பொன்னம்பலம் சுட்டுக் கொல்லப்பட்டது வெள்ளவத்தையில். 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்கு நோக்கி அனுப்பினார்களே, அவர்கள் பிடிக்கப்பட்ட இடங்களில் வெள்ளவத்தையும் உண்டு, கொட்டாஞ்சேனையும் உண்டு, புறக்கோட்டையும் உண்டு. மறுநாள் உயர் நீதிமன்றம் தடையுத்தரவு போட்டது. பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க பிறகு வருத்தம் தெரிவித்தார். தபால் இலக்கம் யாரையும் காப்பாற்றவில்லை.

கொட்டாஞ்சேனை பாதுகாப்பானது என்று நான் சொல்லவரவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் தி. மகேஸ்வரன் 2008 புத்தாண்டு நாளன்று சுடப்பட்டது கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோவிலில். 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்தது அதே கொச்சிக்கடையின் அந்தோனியார் ஆலயத்தில். நான் சொல்வது வேறு. 1983இல் உயிர் தப்பியவர்களிடம் எப்படித் தப்பினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். மிகப் பலர் பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்தை, பின்வளவு முஸ்லிம் குடும்பத்தை, மதிலால் ஏற்றி அறைக்குள் பூட்டிவைத்த ஒருவரைச் சொல்வார்கள். நம்மைத் தெரிந்த அயலார் இருந்த இடத்தில் உயிர் மிஞ்சியது. ஆகவே பாதுகாப்பை வைத்து இடம் தேர்வதென்றால் கேட்க வேண்டிய கேள்வி இது: அந்த ஒழுங்கையில் உன் பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? வருடத்தில் பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கும் பிளட்டுக்கு எதிரே, அதேபோலப் பூட்டிக் கிடக்கும் இன்னொரு பிளட் இருந்தால் அதற்கு என்ன பதில்?

வெள்ளவத்தை ஒழுங்கைகளில் மாலை ஏழு மணிக்கு மேல் நடந்து பாருங்கள். காலி வீதியில் சனம் நெரியும், கடைகள் வெளிச்சமாக இருக்கும். உள்ளே திரும்பித் தொடர்மாடிகளை அண்ணாந்து பார்த்தால், மாடிக்கு மாடி இருண்ட யன்னல்கள். சொந்தக்காரர் ஹரோவில் இருக்கிறார், ஸ்காபரோவில் இருக்கிறார், சிட்னியில் இருக்கிறார். ஓகஸ்ட் விடுமுறையில் மூன்று கிழமை, கலியாணம் ஏதும் வந்தால் டிசெம்பரில் இரண்டு கிழமை. மீதி நாட்களில் வாசலில் இருக்கும் செக்யூரிட்டிக்குத்தான் அந்த வீடு தெரியும். இப்படிப் பூட்டிவைக்கப்பட்ட ஒவ்வொரு பிளட்டும், அங்கே குடியிருந்து பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப நினைக்கும் ஒரு ஆசிரியைக்கோ கடைச் சிப்பந்திக்கோ கிடைக்காமற்போன வீடு. “குட்டி யாழ்ப்பாணம்” என்று பெருமைப்பட்டுக்கொண்டே, அதில் யாழ்ப்பாணத்து ஆசிரியர் ஒருவர் வாடகை கொடுத்து இருக்க முடியாத நிலையைக் காசுள்ளவர்கள் நாமே உருவாக்கினோம்.

இதில் எனக்கு ஆறாத கோபம் வயதானவர்களைப் பற்றியது. இரண்டாவது வீடு என்று நாம் வாங்குவதில் பாதி, உண்மையில் அம்மாவுக்கான வீடு. ஊரில் தனியே விட முடியாது, வெளிநாட்டுக் குளிர் ஒத்துவராது, ஆகவே வெள்ளவத்தையில் ஆறாம் மாடியில் இரண்டு அறை பிளட், உதவிக்கு ஒரு பெண். பிள்ளைகளின் பார்வையில் இது சிறந்த ஏற்பாடு. ஊரில் வேலியோரம் நின்று பேசி, கிணற்றடியில் பேசி, கோவில் வீதியில் பேசி எழுபது வருடம் வாழ்ந்த ஒருத்திக்கு, லிப்டும் கிறில் கதவும் தொலைபேசியும் மிஞ்சுகின்றன. எதிர்வீட்டுக் கதவைத் தட்டினால் ஆளில்லை. கீழே இறங்கினால் வாகனத் தரிப்பிடம்.

2022 நினைவிருக்கிறதா? மார்ச் மாத இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. லிப்ட் நின்றது, தண்ணீர் மோட்டார் நின்றது. காஸ் சிலிண்டருக்கு நாட்கணக்காக வரிசை. விறகு மூட்ட முடியாத மாடி வீட்டில் இருந்த முதியவர்கள் என்ன செய்தார்கள்? பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பலாம், பணத்தால் ஆறு மாடிக்குத் தண்ணீர் ஏறாது. அந்த மாதங்களில் நிலத்தோடு ஒட்டிய வீடு, பக்கத்தில் விறகடுப்புள்ள ஒரு குடும்பம், வாசலிலேயே பாண் விற்கும் பேக்கரி இவை இருந்தவர்கள் சமாளித்தார்கள். கொட்டாஞ்சேனை, ஜம்பட்டா வீதி, ஜிந்துப்பிட்டிப் பகுதிகளில் வாழ்க்கை இன்றும் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. வீதியைப் பார்த்த கதவு, கதவடியில் கதிரை, போகிற வருகிற எல்லோருக்கும் ஒரு வார்த்தை. நெருக்கம்தான், சத்தம்தான். ஒரு கிழவி இரண்டு நாள் கதவு திறக்காவிட்டால் மூன்றாம் வீட்டுக்காரி வந்து தட்டும் சத்தம் அது.

இனி “எங்கடை ஆக்கள் இருக்கிற இடம்” என்ற வாதம். இதைத்தான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். கொட்டாஞ்சேனையில் தமிழர் இல்லையா? தமிழில் பேசி, தமிழில் சண்டைபிடித்து, தமிழில் வாக்குக் கேட்டு ஒரு வாழ்நாளைக் கழிக்கக்கூடிய இடம் கொழும்பில் உண்டென்றால் அது கொழும்பின் வடக்குத்தான். இந்திய வம்சாவளித் தமிழர், மலையகத்திலிருந்து இறங்கி வந்தவர்கள், பரதவர், கொழும்புச் செட்டிமார், கத்தோலிக்கத் தமிழர், மட்டக்களப்பார், யாழ்ப்பாணத்தாரும்கூட அங்கே தலைமுறைகளாக இருக்கிறார்கள். ஆக, “எங்கடை ஆக்கள்” என்று நாம் சொல்லும்போது தமிழர் என்று சொல்லவில்லை. யாழ்ப்பாணத்து உத்தியோக வகுப்பு என்று சொல்கிறோம். நாட்டாமையும் கடைச் சிப்பந்தியும் நகைத் தொழிலாளியும் வாழும் தெருவில் வீடு இருந்தால் சம்பந்தம் பேசும்போது மதிப்புக் குறையும் என்று பயப்படுகிறோம். இதை யாராவது வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் விவாதம் பாதியில் முடிந்துவிடும்.

இந்த மனநிலைக்கு அரசியல் வரலாறும் உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கான இந்திய வம்சாவளித் தமிழரை நாடற்றவர்களாக்கியபோது, அது தங்கள் பிரச்சினையல்ல என்று நினைத்த தமிழ்த் தலைவர்கள் இருந்தார்கள். அந்தப் பிரச்சினையில் முரண்பட்டுத்தான் செல்வநாயகம் தமிழ்க் காங்கிரஸை விட்டு வெளியேறி 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகும், மேடையில் ஒரே இனம் என்று பேசிவிட்டு, வீடு வாங்கும்போது அவர்களின் தெருவை ஆகாத தெரு என்று ஒதுக்குகிறோம்.

சரித்திரம் தெரிந்தவர்கள் இப்படி ஒதுக்க மாட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கொழும்பின் செல்வந்தர் குடியிருப்பு கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் பக்கம்தான். 1875இல் துறைமுக அலைதாங்கிக்கு அடிக்கல் வைத்த பிறகு துறைமுகம் பெருத்தது, நிலக்கரித் தூசி வந்தது, பணக்காரர்கள் கறுவாத் தோட்டத்துக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் நகர்ந்தார்கள். பொன்னம்பல முதலியார் கட்டிய சிவன் கோவிலை அவர் மகன் சேர். பொன்னம்பலம் இராமநாதன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முழுக் கருங்கல்லில் எடுப்பித்தது கொச்சிக்கடையில். யாழ்ப்பாணத்து மேட்டுக்குடி தன் கோவிலை எழுப்ப ஏற்ற இடம் என்று கண்ட வட்டாரம், அதன் பேரப்பிள்ளைகளுக்கு மட்டும் எப்படி ஆகாமற்போனது? 1902இல் தோன்றிய விவேகானந்த சபை இன்றும் விவேகானந்தா மேட்டில் இருக்கிறது. வீரகேசரி அச்சாகி வந்தது கிராண்ட்பாஸ் வீதியிலிருந்து. ஆடிவேல் புறப்படுவது செட்டியார் தெருவிலிருந்து. வெள்ளவத்தையில் பூபாலசிங்கம் புத்தகசாலை இருக்கிறதே என்பவர்களுக்கு, அதன் கிளை செட்டியார் தெருவிலும் உண்டு.

ஒரு பெயரைத் தனியே சொல்ல வேண்டும். டொமினிக் ஜீவா 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ‘மல்லிகை’யைப் போர்ச் சூழலில் கொழும்புக்குக் கொண்டுவந்தபோது, அதன் முகவரி ஸ்ரீ கதிரேசன் வீதி, கொழும்பு 13. ஈழத்து இலக்கியத்தில் நெடுங்காலம் நின்ற ஒரு சஞ்சிகையின் பிற்கால இதழ்கள் அந்த நெரிந்த தெருவிலிருந்துதான் யாழ்ப்பாணத்துக்கும் லண்டனுக்கும் போயின. சாதியின் பெயரால் யாழ்ப்பாணத்தில் அவமதிக்கப்பட்ட ஒரு மனிதர் தன் பணியைத் தொடர அந்தத் தெருவில் இடமிருந்தது. கொட்டாஞ்சேனையில் பண்பாடு இல்லை என்பவர்கள் தங்கள் அலுமாரியில் உள்ள பழைய மல்லிகை இதழ்களின் பின்னட்டையைப் பார்க்கட்டும்.

அடுத்தது காசு. “வெள்ளவத்தையிலை போட்டால் விலை ஏறும்” என்பதை நிறுவப்பட்ட உண்மைபோலச் சொல்கிறார்கள். ஏறியது ரூபாய்க் கணக்கில். 2022 தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபாயளவில் இருந்த நாணயம் சில மாதங்களில் 360 அளவுக்கு விழுந்தது. பவுணிலும் கனடா டொலரிலும் சேமித்துப் போட்டவர், தன் பிளட் ரூபாயில் ஏறியதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டால், எதை எதோடு ஒப்பிடுகிறார்? அதோடு பிளட் வாங்குபவருக்கு வருவது காணியில் மிகச் சிறிய பங்கு. மீதி எல்லாம் சீமெந்தும் கம்பியும். கடற்காற்று உப்பைச் சுமந்து நாள் முழுதும் அடிக்கும் மரைன் டிரைவ் ஓரத்தில் கம்பி துருவேறும், யன்னல் சட்டம் அரிக்கும், ஏசியின் வெளிப்பெட்டி சில வருடங்களில் போகும். இதைத் தடுக்கப் பராமரிப்பு வேண்டும். பராமரிப்புக்குப் பணமும், பணத்தைச் சேர்க்க ஆட்களும் வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வாங்குபவர்கள் கேட்க விரும்பாத பகுதிக்கு இங்கே வருகிறோம். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமும் அதன் திருத்தங்களும் சொல்வது, ஒவ்வொரு தொடர்மாடிக்கும் உரிமையாளர்கள் எல்லோரும் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் ஒன்று இருக்க வேண்டும் என்பது. கூரை ஒழுகினால், லிப்ட் பழுதானால், கழிவுக்குழி நிறைந்தால் அவர்கள்தான் கூடி முடிவெடுக்க வேண்டும். உரிமையாளர்களில் பெரும்பாலோர் கடல் கடந்து இருக்கும் கட்டடத்தில் கூட்டம் எப்படிக் கூடும்? மாதக் கட்டணம் கட்டாதவரிடம் யார் கேட்பது? குடியிருக்கும் மூன்று நாலு குடும்பங்கள் தங்கள் கையிலிருந்து போட்டு மோட்டாரைத் திருத்துகின்றன. இன்னும் மோசம், கட்டி விற்றவர் கூட்டாதன வரைபடத்தைப் பதியாமலே காசை வாங்கிக்கொண்டு, “உறுதி பிறகு தாறன்” என்று வருடக்கணக்காக இழுக்கும் கட்டடங்கள். நகர அபிவிருத்தி அதிகார சபை அனுமதித்த மாடிகளுக்கு மேல் மாடி ஏற்றியதால் இணக்கச் சான்றிதழே கிடைக்காத கட்டடங்கள். 2017 மே மாதத்தில் வெள்ளவத்தையில் சவோய் திரையரங்குக்கு அருகே பல மாடிக் கட்டடம் ஒன்று இடிந்து விழுந்தது. அதற்குப் பிறகாவது வாங்குபவர்கள் வரைபடத்தைக் கேட்டிருக்க வேண்டும். இன்றும் கேட்பது, பல்கனியிலிருந்து கடல் தெரியுமா என்றுதான்.

தெரியும். நானும் அந்தக் கடலை விரும்புகிறவன். ஆனால் வெள்ளவத்தைக் கடல் என்பது வீதி, அதைத் தாண்டி ரயில் பாதை, அதைத் தாண்டிக் கற்கள், அப்புறம் நீந்த அஞ்சும் அலை. மாலையில் நின்று காற்று வாங்கலாம். அந்தக் காற்றை வாங்கப் பல மில்லியன் ரூபாய்க்குப் பல்கனி தேவையில்லை. பஸ்ஸேறி வந்து யாரும் வாங்கலாம்.

சட்டத்திலும் ஒன்று கவனிக்க வேண்டும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம் வெளிநாட்டுப் பிரஜைகளுக்குக் காணி கைமாறுவதைத் தடுத்தது. தொடர்மாடி அலகுக்கு நிபந்தனையோடு விலக்கு உண்டு, இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவர்களுக்கும் விலக்கு உண்டு. கனடியக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருப்பவருக்குத் தரகர் காட்டுவது பிளட்தான், காட்ட முடிந்ததும் பிளட்தான். ஆகவே பலருடைய “விருப்பத் தேர்வு” என்பது சட்டம் விட்டுவைத்த மிச்சம். 2011இல் நிறுத்தப்பட்ட இரட்டைப் பிரஜாவுரிமை 2015இல் மீண்டும் வழங்கப்படத் தொடங்கியது. இந்த மண்ணில் இரண்டாவது வீடு வேண்டும் என்று உண்மையாக நினைப்பவர் முதலில் அந்த விண்ணப்பத்தைப் போடட்டும். அதற்குப் பிறகு கொட்டாஞ்சேனையில் நிலத்தோடு கூடிய ஒரு பழைய வீடும் அவருக்குத் திறந்த கதவு.

வசதி பற்றியும் ஒரு வார்த்தை. 2013 ஒக்டோபரில் கட்டுநாயக்க அதிவேகப் பாதை திறந்த பிறகு, விமான நிலையத்திலிருந்து வருபவர் களனிப் பாலத்தடியில் இறங்கிச் சிறிது தூரத்தில் கொட்டாஞ்சேனையில் இருப்பார். வெள்ளவத்தைக்குப் போகிறவரின் நெரிசல் அங்கேதான் தொடங்குகிறது. தேசிய வைத்தியசாலை கிட்ட. உறுதி, வழக்கு என்றால் புதுக்கடை நீதிமன்றங்கள் கிட்ட. கலியாண நகைக்குச் செட்டியார் தெரு, சாமான்களுக்குப் புறக்கோட்டை, வடக்குக்குப் போகும் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் கோட்டை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் கொழும்பில் செய்யும் வேலைகள் எல்லாம் நகரின் வடக்கு அந்தத்தில் இருக்கின்றன. அவர் மட்டும் தெற்கு அந்தத்தில் படுத்தெழும்பி, இரண்டு வேளையும் காலி வீதியில் காருக்குள் இருக்கிறார். 2019 ஒக்டோபரில் பலாலியில் சர்வதேச விமான நிலையம் திறந்து சென்னை விமானங்கள் வரத் தொடங்கிய பிறகு, சிலருக்குக் கொழும்பு வீடே தேவையில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கொட்டாஞ்சேனையின் குறைகளை மறைக்க மாட்டேன். அண்மை ஆண்டுகளில் அங்கே துப்பாக்கிச் சூடுகள் நடந்திருக்கின்றன. போதைப்பொருள் வியாபாரம் சில தோட்டங்களின் இளைஞர்களைத் தின்கிறது. துறைமுகக் கொள்கலன் லொறிகள் வீதியை அடைக்கும். புளூமெண்டால் பக்கத்துக் குப்பை மேட்டை மாநகர சபை எத்தனையோ காலம் அப்படியே விட்டிருந்தது. பெருமழைக்குச் சில தெருக்களில் தண்ணீர் நிற்கும். பழைய வீடுகளின் உறுதிகள் சிக்கலானவை. ஒரே வளவுக்குப் பத்துப் பங்காளிகள், பிரிவினை வழக்குகள், 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தின் கீழ் அசைக்க முடியாத பழைய குடியிருப்பாளர்கள். இவற்றைப் பார்த்துவிட்டு ஒருவர் வேண்டாம் என்றால் அது நியாயமான முடிவு. பார்க்காமலே “அங்கையோ?” என்பதைத்தான் எதிர்க்கிறேன்.

அதே போல, வெள்ளவத்தையில் செய்ததையே கொட்டாஞ்சேனையில் செய்யுங்கள் என்றும் நான் சொல்லவில்லை. பழைய வளவுகளை வாங்கி இடித்து, ஏழு மாடி எழுப்பி, பூட்டிவிட்டு விமானம் ஏறுவதானால் தயவுசெய்து வர வேண்டாம். நகர மீளுருவாக்கம் என்ற பெயரில் கொழும்பு வடக்கின் தோட்டக் குடும்பங்கள் ஏற்கெனவே தெமட்டகொடையிலும் மட்டக்குளியிலும் உயர்மாடிகளுக்கு ஏற்றப்பட்டிருக்கின்றன. மிச்சமிருப்பவர்களையும் நம் பவுண்கள் விரட்டக் கூடாது. அங்கே வீடு வாங்குபவர் அதில் ஒரு பகுதியை அந்தப் பகுதிக் குடும்பம் ஒன்றுக்கு நியாயமான வாடகைக்குக் கொடுக்கட்டும். அவர் இல்லாத மாதங்களில் விளக்கு எரியும், அவர் வரும்போது சாவி கொடுக்க ஆளிருக்கும், அவர் தாய் இருந்தால் துணையிருக்கும். வெள்ளவத்தையில் ஏற்கெனவே பிளட் வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். பூட்டிவைக்காதீர்கள். ஒரு ஆசிரியர் குடும்பத்தை இருத்துங்கள், ஓகஸ்டில் உங்களுக்கு ஒரு அறை போதும்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இவற்றைச் செய்யுங்கள். ஒக்டோபர், நவம்பர் மழையில் ஒரு மாதம் கொட்டாஞ்சேனையில் ஒரு அனெக்ஸை வாடகைக்கு எடுத்து இருங்கள். செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோவில் வாசலில் நின்று, எல்லாச் சமயத்தவரும் மெழுகுதிரி ஏற்றுவதைப் பாருங்கள். அடுத்த மாதம் வெள்ளவத்தையில் இருங்கள். இரண்டு இடத்திலும் தரகரை விட்டுவிட்டு அயலாரிடம் பேசுங்கள். உறுதியை, வரைபடத்தை, இணக்கச் சான்றிதழை உங்கள் சொந்த நொத்தாரிசிடம் காட்டுங்கள், விற்பவர் காட்டும் நொத்தாரிசிடம் வேண்டாம். அம்மாவுக்காக வாங்குகிறீர்கள் என்றால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், எந்தத் தெருவில் இருக்க விருப்பம் என்று அவரிடமே கேளுங்கள்.